பிள்ளைக்குப் பவர் கைட்: வாங்கும் முன் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் அளவுக் கணக்கு அப்படியே பொருந்தும். இடமும் காற்றும் மட்டும் மாறும்.

பவர் கைட் என்றால் என்ன? கெப்போங் பூங்கா வாசலில் விற்கும் பட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வாசலில் விற்பது ஒற்றை நூல் பட்டம். ஏற்றிவிட்டால் ஓரிடத்தில் நிற்கும், நூலைப் பிடித்தபடி வேடிக்கை பார்க்கலாம். பவர் கைட்டுக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு நூல்கள். ஒவ்வொன்றும் 20 முதல் 25 மீட்டர் நீளம். நூல் அவ்வளவுதான், இதற்குமேல் விட முடியாது. உயரம் ஏற்றுவது இதில் நோக்கமே அல்ல. இடது கையையும் வலது கையையும் மாற்றி இழுத்துப் பட்டத்தை எட்டு வடிவில் ஓட்டுவதும், அது கொடுக்கும் இழுவையைத் தாங்குவதும்தான் விளையாட்டு.

பெரும்பாலானவற்றில் குச்சியே இருக்காது. இரண்டு அடுக்குத் துணியை அறை அறையாகத் தைத்து, முன் விளிம்பில் வாய் திறந்து விட்டிருப்பார்கள். காற்று உள்ளே புகுந்ததும் விமான இறக்கைபோல விறைத்துக்கொள்ளும். டொமினா ஜல்பர்ட் என்பவர் 1966-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாராஃபாயில் வடிவம் இது. பாராகிளைடருக்கும் இன்றைய பாராசூட்டுக்கும் இதுவே அடிப்படை. மனிதனைத் தூக்கிச் செல்லும் வடிவத்தின் குட்டியைத்தான் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். அளவில் இத்தனை கண்டிப்பு காட்டுவது அதனால்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

வயதைவிட எடை முக்கியம். 20 கிலோவுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் பவர் கைட் வேண்டாம். ஒற்றை நூல் பட்டமே போதும். அதற்கு மேல், சொன்னதைக் கேட்டு உடனே செய்யும் பக்குவம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். "விடு" என்றால் அந்தக் கணமே கையைத் திறக்கும் பிள்ளை 7 வயதிலும் தயார்தான். "இரு, இன்னும் ஒரு சுற்று" என்று இழுத்தடிக்கும் பிள்ளை 10 வயதானாலும் தயாரில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயது வரம்பு பிள்ளை தனியாகப் பறக்கவிடுவதற்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பக்கத்து நிழலில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பது மேற்பார்வை ஆகாது.

1.3, 1.8, 2.0 என்று எழுதியிருக்கிறதே, அது எதன் அளவு?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. சில தயாரிப்பாளர்கள் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரையிலான இறக்கை நீளத்தை மீட்டரில் எழுதுவார்கள். சிலர் சென்டிமீட்டரில், 140 அல்லது 170 என்று போடுவார்கள். வேறு சிலர் துணியின் பரப்பைச் சதுர மீட்டரில் குறிப்பிடுவார்கள். மூன்று பெட்டியிலும் வெறும் எண் மட்டும் பெரிதாக இருக்கும்.

இறக்கை நீளம் 1.3 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 0.65 சதுர மீட்டர். 1.8 என்றால் சுமார் 1.1. 2.2 என்றால் சுமார் 1.5. ஆகவே நீளத்தைக் குறிக்கும் "2.0" சுமார் 1.3 சதுர மீட்டர்தான், பரப்பைக் குறிக்கும் "2.0" அதைவிட ஒன்றரை மடங்கு பெரியது. கடைக்காரரிடம் "இது நீளமா, பரப்பா?" என்று கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் விவரப் பகுதியில் நீளம், அகலம் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் பெருக்கி, ஓரங்கள் வளைந்திருப்பதற்காகக் கொஞ்சம் கழித்தால் பரப்பு கிடைத்துவிடும்.

என் பிள்ளையின் எடைக்கு எது சரி?

பிள்ளை சந்திக்கக்கூடிய பலமான காற்றில், இழுவை அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாங்கள் பிடித்துக்கொள்ளும் கணக்கு இதுதான். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றை உச்ச வரம்பாக வைத்தால் இப்படி வரும்:

20 முதல் 30 கிலோ வரை: இரண்டு நூல், இறக்கை நீளம் 1.2 முதல் 1.4 மீட்டர். வேகமாக ஓடும்போது சுமார் 7 கிலோ இழுக்கும்.
30 முதல் 40 கிலோ வரை: 1.5 முதல் 1.8 மீட்டர். இழுவை 12 கிலோவரை போகும், 1.8 வேண்டுமென்றால் பிள்ளை 35 கிலோவைத் தாண்டியிருக்கட்டும்.
40 கிலோவுக்கு மேல்: 2 மீட்டர். 50 கிலோ தொட்ட பதின்ம வயதினருக்கு 2.2 மீட்டர், அல்லது ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர் பரப்புள்ள மூன்று நூல் பயிற்சிப் பட்டம்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் தடுமாறினால் சிறியதை எடுங்கள். சிறியது வேகமாகத் திரும்பும், ஓட்டப் பரபரப்பாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். பெரியது மெதுவாக நகர்ந்து பலமாக இழுக்கும். அது அப்பாக்களின் ஆசை.

கேஎல்-இல் காற்றே இல்லையே. பெரியதாக வாங்கினால்தானே பறக்கும்?

இந்த யோசனையால்தான் பிள்ளைகள் இழுபடுகிறார்கள். கோலாலம்பூரில் சாதாரண நாளில் காற்று மெல்லியதுதான், மறுக்கவில்லை. 2 சதுர மீட்டர் பட்டம் வாங்கினால் அந்த மெல்லிய காற்றில் அழகாகப் பறக்கும். பிறகு டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போவீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதம் அது. காரின் பின்பக்கத்தில் அதே பட்டம் இருக்கும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அதோடு நிற்பதில்லை. பட்டம் நிற்காமல் குறுக்கே பாய்வதால், அதன்மேல் படும் காற்று உண்மையான காற்றைவிட இரண்டு இரண்டரை மடங்கு வேகமாக இருக்கும். அதனால், அசையாமல் நிற்கும் பட்டத்தைவிட ஓடும் பட்டம் ஐந்தாறு மடங்கு அதிகமாக இழுக்கும்.

தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.3 மீட்டர் பட்டம் மணிக்கு 12 கிலோமீட்டர் காற்றில் இரண்டரை கிலோ இழுக்கும். 20-இல் 7 கிலோ. 30-இல் 16 கிலோ. 2 சதுர மீட்டர் பட்டம் 12-இல் 8 கிலோ. 20-இல் 22 கிலோ. 30-இல் 50 கிலோ. கெப்போங்கில் 8 கிலோ இழுத்த அதே பட்டம் கடற்கரையில் 28 கிலோ பிள்ளையைத் தரையிலிருந்து பிடுங்கிவிடும். வாரக்கணக்கில் பழகிய பட்டம் என்பதால் பிள்ளைக்கும் பயம் இருக்காது, பெற்றோருக்கும் இருக்காது.

எனவே வாரம்தோறும் கிடைக்கும் மெல்லிய காற்றுக்காக வாங்காதீர்கள், என்றாவது ஒரு நாள் எதிர்ப்படப்போகும் பலமான காற்றை வைத்து வாங்குங்கள். மெல்லிய காற்றில் சின்னப் பட்டம் ஏறவில்லையா? அன்றைக்கு ஒற்றை நூல் பட்டம் விடுங்கள், அது மலிவுதான். ஐம்பது சென் நாணயத்தில் ஒரு காலத்தில் வாவ் புலான் என்ற மலாய்ப் பாரம்பரியப் பட்டத்தைப் பொறித்திருந்தார்கள். அந்த நாணயத்தைப் பிள்ளையிடம் எடுத்துக் காட்டவும் அது நல்ல நாள்.

இரண்டு நூலா, மூன்றா, நான்கா?

முதல் பட்டத்துக்கு இரண்டு நூல். விலை குறைவு, சிக்கல் குறைவு, பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். ஒரே குறை, பட்டம் காற்றில் இருக்கும்போது அதன் பலத்தை அணைக்க வழியில்லை. முழுவதுமாகக் கையை விட்டால் மட்டுமே அடங்கும். விட்டதும் துணி சுருங்கி, நூல் முனையில் கையால் பிடிக்கும் கைப்பட்டைகளையும் இழுத்துக்கொண்டு காற்றுப் போகும் திசையில் கொஞ்சத் தூரம் போய் விழும். 1.3 மீட்டர் பட்டத்துக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை, அந்தத் திசையில் சாலையோ குளமோ இல்லாதவரை.

மூன்று நூல் பட்டத்தில் இரண்டு நூல் பாரில், அதாவது இரு கையாலும் பிடிக்கும் குறுக்குக் கம்பியில் சேரும். மூன்றாவது, பிள்ளையின் மணிக்கட்டில் மாட்டிய பட்டையில் சேரும். பாரைக் கைவிட்டால் பளு முழுக்க மூன்றாவது நூலுக்குப் போய்விடும். பட்டம் மடங்கி அங்கேயே விழும், பறந்து போகாது. தரையில் கவிழ்ந்து விழுந்த பட்டத்தை நடந்து போய்த் திருப்பாமல் இந்த நூலை இழுத்தே பின்பக்கமாக எழுப்பவும் முடியும். 40 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கும், பிற்காலத்தில் கைட் சர்ஃபிங் கற்கும் ஆசை உள்ளவர்களுக்கும் இது நல்ல தேர்வு.

நான்கு நூலில் இரண்டு இழுவைக்கு, இரண்டு பிரேக்குக்கு. நின்ற இடத்திலேயே சுழற்றலாம், பின்னோக்கி இறக்கலாம். நுணுக்கம் அதிகம், நூல் சிக்கலும் இரு மடங்கு. பதின்ம வயதுக்கு முன் வேண்டாம்.

பாரா, கைப்பட்டையா?

இரண்டு நூலுக்குக் கைப்பட்டை. எந்தக் கையை இழுத்தால் பட்டம் எந்தப் பக்கம் போகிறது என்பது பிள்ளைக்கு உடனே புரியும். பாரைக் கொடுத்தால் சைக்கிள் கைப்பிடி என்று நினைத்து வளைப்பார்கள், பட்டம் திரும்பாது.

கைப்பட்டையை மணிக்கட்டில் இறுக்கி மாட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகள் அதை உள்ளங்கையில் மட்டும் பிடிக்கட்டும். விரலைத் திறந்தால் கழன்று போக வேண்டும்.

வாங்கும்போது எதையெல்லாம் தடவிப் பார்க்க வேண்டும்?

முதலில் நூல். டைனீமா என்ற வலுவான செயற்கை இழையில் பின்னிய நூலா என்று கேளுங்கள். நைலான் நூல் ரப்பர்போல நீளும். பிள்ளை கையை இழுத்து ஒரு கணம் கழித்துத்தான் பட்டம் திரும்பும், அதற்குள் அது தரையில் மோதியிருக்கும். 1.3 மீட்டர் பட்டத்துக்கு ஒவ்வொரு நூலும் 40 முதல் 50 கிலோ தாங்கினால் போதும். நூலின் முனைகளில் தடித்த உறை போட்டுத் தைத்திருக்க வேண்டும். டைனீமா வழுக்கும் நூல், முடிச்சு போட்ட இடத்தில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், உறை அதற்காகத்தான்.

அடுத்தது சூத்திரக் கயிறு. பட்டத்தின் வயிற்றிலிருந்து கிளை கிளையாக இறங்கி இரண்டு முனைகளில் சேரும் கயிறுகள் அவை. பட்டத்தை நேர் பாதியாக மடித்து, இடப்பக்கக் கயிறுகளையும் வலப்பக்கக் கயிறுகளையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நீளம் ஒத்துப்போக வேண்டும். பெயரில்லாத மலிவுப் பட்டங்களில் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யவும் முடியாது.

பிறகு துணி. கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் துணிதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னக் கிழிசல் வந்தால் அந்த இழை அதைத் தடுத்து நிறுத்தும். கயிறு தைத்த இடங்களில் கூடுதல் துணி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இறக்கை நுனியில் மணல் கொட்டுவதற்கு ஒட்டுப்பட்டை வைத்த திறப்பு இருந்தால் நல்லது. பத்து ஃபெரிங்கிக்குப் போகும் குடும்பம் என்றால் கட்டாயம் வேண்டும்.

பெட்டிக்குள் நூல், கைப்பட்டை, நூல் சுற்றும் அட்டை மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில விலைகள் வெறும் துணிக்கு மட்டும்.

பழைய பட்டம் வாங்கலாமா?

துணியை விரலால் கசக்கிப் பாருங்கள். புதிய துணி மொறுமொறுவென்று சத்தம் போடும். வெயில் தின்ற துணி பழைய வேட்டிபோலக் குழைந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். துணி நன்றாக இருந்தால் வாங்கி, நூலை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே பறக்கவிடுவது?

நூல் 20 மீட்டர் என்றால், பிள்ளைக்கு முன்னால் 40 மீட்டரும் இரு பக்கமும் 30 மீட்டரும் ஆளில்லாமல் இருக்க வேண்டும். ஏறக்குறைய அரைப் பந்துத் திடல்.

கோலாலம்பூரில் எல்லோரும் சொல்வது கெப்போங் பெருநகரப் பூங்கா. திறந்த வெளி, ஏரிப்பக்கம் நல்ல காற்று. ஆனால் காற்று வரும் மாலை நேரத்தில்தான் கூட்டமும் வரும், வார இறுதியில் வானம் முழுக்க ஒற்றை நூல் பட்டங்கள். அந்த நடுவில் பவர் கைட் விடவே கூடாது. டைனீமா சுமார் 150 பாகை செல்சியஸில் உருகிவிடும். இன்னொருவரின் நைலான் நூல் அதன்மேல் ஒரே புள்ளியில் உரசி ஓடினால், அந்தச் சூட்டில் நொடியில் அறுந்துபோகும். கண்ணாடித் தூள் பூசிய சண்டை நூல் என்றால் சொல்லவே வேண்டாம். வேலை நாள் மாலை, கூட்டத்துக்கு எதிர் ஓரம் என்று தேர்ந்தெடுங்கள்.

அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் திடல் வேண்டாம். கட்டடத்தைத் தாண்டி வரும் காற்று சுழன்று சுழன்று விழும். அந்தக் குழப்பம் கட்டடத்தின் உயரத்தைப்போல ஏழு முதல் பத்து மடங்கு தூரம் நீளும். 60 மீட்டர் கொண்டோமினியத்துக்குப் பின்னால் அரை கிலோமீட்டர் வரை காற்று கெட்டிருக்கும். பட்டம் ஏறும், திடீரென்று துவளும், மறுபடி வெடுக்கென்று இழுக்கும். பிள்ளை தன்மேல் தவறு என்று நினைத்துச் சோர்ந்துவிடும்.

கொஞ்சம் பயணம் செய்யலாம் என்றால் பாகான் லாலாங் கடற்கரை, தண்ணீர் வற்றிய நேரத்தில். மணல் அகலமாக விரிந்து கிடக்கும்.

பினாங்கில் பகல் ஏற ஏறக் கடற்காற்று கூடும். பிற்பகலில் பலமாக இருக்கும். பத்து ஃபெரிங்கியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்று கடலிலிருந்து வருவதால் பட்டம் கரைப்பக்கமாகத்தான் பறக்கும். அங்கே மரங்களும் விடுதிகளும். மணல் குறுகலான இடத்தில் நின்றால் பட்டம் மரத்தில்தான். தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும்போது அலை ஓரத்தில் நின்று விட வேண்டும். பாராசெயிலிங் படகுகள் ஆள் ஏற்றி இறக்கும் பகுதியிலிருந்து தள்ளிப் போங்கள். காலையில் காற்று மலையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது பட்டம் கடலுக்குள் விழுந்தால் பிள்ளை அதன் பின்னால் ஓடும். ஆகவே காலையில் வேண்டாம்.

ஜார்ஜ்டவுன் பாடாங் கோத்தா லாமாவில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து, திடலின் கடலோர முனையில் நில்லுங்கள். திடல் முழுவதும் பட்டத்துக்குக் கிடைக்கும். மூன்று பக்கமும் சாலையும் கட்டடமும் இருப்பதை மறக்க வேண்டாம். கையைவிட்டுப் போனால் லைட் ஸ்ட்ரீட் பக்கம் போகும். 1.3 மீட்டருக்கு மேல் அங்கே வேண்டாம்.

மின்கம்பி, சாலை, ரயில் பாதை, விமானம் இறங்கும் வழி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் எங்குமே கூடாது. பாயான் லெப்பாஸ், சுபாங் பக்கம் குடியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காற்று போதுமா, அதிகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையடக்கக் காற்றுமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொடியைப் பாருங்கள். நம் ஊரில் கொடிக்குப் பஞ்சமில்லை. தொங்கிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போகலாம். இலைகள் ஓயாமல் அசைந்து, சின்னக் கொடி விரிந்து நின்றால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். அதுதான் பிள்ளைகளின் காற்று. புழுதியும் காகிதமும் பறந்து, சிறு கிளைகள் ஆடத் தொடங்கினால் 20-ஐத் தாண்டிவிட்டது. முதல் பட்டம் பழகும் பிள்ளைக்கு அன்று விடுமுறை.

பெரியவர் முதலில் ஐந்து நிமிடம் பறக்கவிட்டுப் பார்த்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள்.

இன்னொன்று, இது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மிக முக்கியம். பிற்பகல் முழுக்கக் காற்றில்லாமல் புழுங்கும். நாலு மணிக்கு மேற்கே வானம் கறுக்கும். திடீரென்று குளிர்ந்த காற்று அடிக்கும். "காற்று வந்திருச்சு!" என்று பிள்ளைகள் குதிப்பார்கள். மூட்டை கட்ட வேண்டிய கணம் அதுதான். இடிமேகம் தன் அடியிலிருந்து தள்ளும் காற்று அது. 8 கிலோமீட்டரிலிருந்து 40-க்கு ஓரிரு நிமிடத்தில் ஏறினால், இழுவை 25 மடங்கு. பின்னாலேயே மின்னல் வரும். மழையில் நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும். ஏப்ரல், அக்டோபர் ஒட்டிய மாதங்களில் இது ஏறக்குறைய அன்றாட நிகழ்வு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை மறுபடி எடுக்க வேண்டாம்.

முதல் நாள் எப்படித் தொடங்குவது?

காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பட்டத்தை எதிரே தரையில் மல்லாக்கப் போடுங்கள்: சூத்திரக் கயிறு வானத்தைப் பார்க்க வேண்டும், பின் விளிம்பு உங்கள் பக்கம், வாய் திறந்த முன் விளிம்பு தூரத்துப் பக்கம். பின் விளிம்பின்மேல் இரண்டு மூன்று பிடி மணல். புல்வெளி என்றால் தண்ணீர்ப் புட்டியை வைக்கலாம், பட்டத்தை ஏற்றும் முன் எடுத்துவிடுங்கள். கல் வைக்காதீர்கள், பட்டத்தோடு எழும்பும்.

நூலைச் சூத்திரக் கயிற்றின் முனைகளில் சுருக்குப் போட்டு மாட்டி, காற்று வரும் பக்கமாக நடந்துகொண்டே பிரியுங்கள். இடது நூல் இடது கைப்பட்டையில், வலது நூல் வலதில், நடுவில் குறுக்கில்லாமல். சிவப்புப் பட்டை எந்தக் கைக்கு என்று பிள்ளையிடம் ஒருமுறை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கைகள் இரண்டும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில். இரண்டையும் சமமாக இழுத்தபடி இரண்டடி பின்னால் வைத்தால், பட்டம் எழுந்து நின்று காற்றை விழுங்கி ஏறும். ஏறியதும் கையை மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். இதைத்தான் பிள்ளைகள் மறப்பார்கள்: இழுத்த கையை இழுத்தபடியே வைத்திருப்பார்கள், பட்டம் சுற்றிச் சுற்றித் தரையில் குத்தும். வலது கையை ஒரு சாண் இழு, பட்டம் வலப்பக்கம் திரும்பும். கைகளைச் சமமாக்கு, நேராகப் போகும். முதல் அரைமணி நேரத்துக்கு இது போதும்.

பட்டம் தலைக்கு மேல் உச்சியில் இருந்தால் இழுவை குறைவு. இடது வலது ஓரங்களிலும் குறைவு. நெஞ்சுக்கு நேர் எதிரே தாழ்வாக வரும்போதுதான் முழுப் பலமும். எனவே முதல் நாள் உயரத்திலேயே, படுத்த எட்டு வடிவில் ஓட்டட்டும். இறக்குவதற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய், மெல்லத் தரையை நோக்கித் திருப்ப வேண்டும்.

திடீரென்று பலமாக இழுத்தால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

பட்டத்தை நோக்கி ஓட வேண்டும். பயந்த பிள்ளை இயல்பாகப் பின்னால் சாய்ந்து இன்னும் இழுக்கும், அது பலத்தைக் கூட்டத்தான் செய்யும். முன்னால் நான்கு அடி ஓடினால் நூல் தளரும், இழுவை சட்டென்று விழும். அதுவும் போதாவிட்டால் இரண்டு கையையும் விட வேண்டும்.

இதை வீட்டு முற்றத்திலேயே பட்டம் இல்லாமல் பழக்குங்கள். கைப்பட்டையை நீங்கள் ஒரு முனையில் பிடித்து இழுங்கள். "ஓடு" என்றால் ஓட வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். இருபது தடவை. திடலில் நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் நின்று இடுப்பு வாரைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று நூல் பட்டத்தின் மணிக்கட்டுப் பட்டையைத் தவிர, பிள்ளையைப் பட்டத்தோடு எந்த விதத்திலும் கட்டக் கூடாது. இடுப்பு ஹார்னஸ் பெரியவர்களுக்கு மட்டும். நூலைக் கையில் சுற்றுவது ஒற்றை நூல் பட்டத்தில் வரும் பழக்கம். இங்கே அது விரலை அறுத்துவிடும்.

பட்டம் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது.

நூல்கள் சமமாக இல்லை. புது டைனீமா முதல் சில நாளில் கொஞ்சம் நீளும், இரண்டும் ஒரே அளவில் நீளாது. இரண்டு நூலின் பட்டத்துப் பக்க முனைகளையும் ஒரு முளையில் மாட்டி, மறுமுனையில் இரண்டு கைப்பட்டைகளையும் சேர்த்து இழுத்துப் பாருங்கள். பட்டம் வலப்பக்கம் சாய்ந்தால் வலது நூல் குட்டையாக இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசமே போதும். நீளமான பக்கத்தின் கைப்பட்டைக் கயிற்றில் ஒரு முடிச்சு கூடுதலாகப் போட்டுச் சமமாக்குங்கள். டைனீமாவில் போடாதீர்கள்.

நூல் சமமாக இருந்தும் சாய்ந்தால் சூத்திரக் கயிறு இறக்கை நுனியில் மாட்டியிருக்கும், பிரித்துவிடுங்கள்.

ஏறவே மாட்டேன் என்கிறது.

காற்று குறைவு, அல்லது அறைக்குள் மணலோ தண்ணீரோ இருக்கிறது. ஒரு கைப்பிடி மணலே சின்னப் பட்டத்தைக் கிடத்திவிடும். நான்கு நூல் என்றால் பிரேக் நூல் இறுக்கமாக இருக்கலாம். பட்டம் பறக்கும்போது அது லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும். உச்சிக்குப் போய்த் தலைக்கு மேல் மடங்கி விழுந்தால், பின்னால் இரண்டு மூன்று அடி நடந்து நூலை விறைப்பாக்கச் சொல்லுங்கள்.

நூல்கள் முறுக்கிக்கொண்டன.

பயப்பட வேண்டாம். டைனீமா வழுக்கும், நாலைந்து முறுக்கு இருந்தாலும் பட்டம் கேட்கும். எந்தப் பக்கம் சுற்றினீர்களோ, அதற்கு எதிர்ப்பக்கம் அத்தனை சுற்று.

நூல் அறுந்துவிட்டது. முடிச்சுப் போடலாமா?

அன்றைய தினத்துக்குக்கூட வேண்டாம். முனைப்பக்கம் அறுந்திருந்தால் இரண்டு நூலையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, உறை போட்டுக் கண்ணி வையுங்கள். நூல் குறைந்தால் பட்டத்துக்குச் சுற்ற இடம் குறையும், திருப்பம் இன்னும் வேகமாகத் தெரியும். 15 மீட்டருக்குக் கீழே போனால் புது நூல்.

தலைக்கவசம் தேவையா?

1.3 மீட்டருக்கு மூடிய காலணியும் வெயில் கண்ணாடியும் போதும். சிலிப்பர் வேண்டாம். 1.8-க்கு மேல் சைக்கிள் தலைக்கவசம் போட்டுவிடுங்கள்.

ஸ்கேட்போர்டில் நின்று இழுக்கவிடலாமா என்று மகன் கேட்கிறான்.

கூடாது.

எப்படிப் பராமரிப்பது?

துணிக்கு முதல் எதிரி வெயில். பறக்காத நேரத்தில் திடலில் விரித்துப் போட வேண்டாம். இரண்டாவது எதிரி நம் ஈரப்பதம். நனைந்த பட்டத்தைப் பையில் திணித்துக் காரில் விட்டால் அடுத்த வாரம் கரும்புள்ளி பூத்திருக்கும். கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மணலைக் கொட்டி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே காயப்போடுங்கள். சோப்பு வேண்டாம், துணியின் பூச்சு போய்விடும். சலவை இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

நூலை எட்டு வடிவில் அட்டையில் சுற்றுங்கள். உருளைபோலச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். விரல் நீளத்துக்குள் கிழிசல் என்றால் ரிப்ஸ்டாப் ஒட்டுத்துணியை இரு பக்கமும் ஒட்டி, மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள்; கூர்மூலை உரிந்து வரும். தையல் பிரிந்திருந்தால் ஒட்டு நிற்காது, தையற்கடைக்குத்தான் போக வேண்டும். பாலியஸ்டர் நூலால் தைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த பெரிய அளவுக்கு எப்போது மாறலாம்?

சொன்ன இடத்தில் பட்டத்தைத் தானே இறக்கத் தெரிந்து, சிக்கலைத் தானே பிரித்து, புழுதி பறக்கும் காற்றைப் பார்த்து "இன்னிக்கு வேணாம்பா" என்று பிள்ளையே சொன்ன பிறகு. அப்போதும் எடையை ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.